பயிர்க் காவல் துப்பாக்கிக்கு நிப்பிள் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ராகி கதிர் முற்றும் பருவம் வந்துவிட்டால் ஓசூரை அடுத்த சானமாவு காட்டோர விவசாயிகளுக்கு இரவில் உறக்கம் கிடையாது. ஒரு பக்கம் காட்டுப்பன்றி. மறு பக்கம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டமாக வந்திறங்கும் யானை. ராகி, அவரை, தக்காளி என்று போட்ட முதல் ஒரே இரவில் போய்விடும். பரண் கட்டிக் காவல் இருப்பதும், தகரம் தட்டுவதும், தீ மூட்டுவதும் வழக்கமாக நடக்கிறவை. முறையான லைசென்ஸ் பெற்று, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளும் உண்டு. இக்கட்டுரை அவர்களுக்காக.

இத்துப்பாக்கியைப் பற்றி அடிக்கடி எழும் குறை ஒன்று: கேப் வெடிக்கிறது, மருந்து பிடிப்பதில்லை. அல்லது கேப்பே முதல் அடியில் வெடிப்பதில்லை, இரண்டாவது அடியில்தான் வெடிக்கிறது. உடனே "மருந்து நமுத்துவிட்டது", "கேப் மட்டம்" என்று கடைக்காரர் மேல் பழி போடுகிறோம். பல சமயம் கோளாறு இந்த இரண்டிலும் இல்லை. கேப் மாட்டும் அந்தச் சிறு முளையில்தான் இருக்கிறது. துப்பாக்கிக் கடைகளில் இதை நிப்பிள் என்பார்கள்.

நிப்பிள் செய்யும் வேலை

விசையை இழுத்ததும் குதிரை எனப்படும் சுத்தி வந்து கேப்பின் தலையில் அடிக்கிறது. கேப்புக்குள் இருக்கும் வெடி ரசாயனம் சுத்திக்கும் நிப்பிளின் முனைக்கும் நடுவே நசுங்கிப் பற்றுகிறது. அந்தத் தீ நிப்பிளின் நடுவே உள்ள மெல்லிய துளை வழியாகப் பாய்ந்து குழலுக்குள் இருக்கும் கருமருந்தைப் பற்ற வைக்கிறது. ஆகவே நிப்பிளுக்கு வேலை மூன்று. சுத்தியின் அடியைத் தாங்கும் பட்டறைக்கல் அது. தீ உள்ளே செல்லும் வழி அது. மருந்து வெடித்த பின் குழலுக்குள் எழும் அழுத்தம் பின்பக்கமாக வெளியேறாமல் காக்கும் அடைப்பும் அதுவே. மூன்றாவதை நம்மில் பலரும் நினைப்பதில்லை. கண்ணுக்கு ஆபத்து வருவது அதனால்தான்.

இந்த முறைக்கு அடிகோலியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜான் போர்சித் என்ற பாதிரியார். அவர் வேட்டைப் பிரியர். அக்காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் பொறி கண்டதும் பறவை பறந்துவிடுகிறது என்பது அவருக்கிருந்த குறை. அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். செம்புக் கேப்பும் நிப்பிளும் அதற்குப் பிறகு வந்தவை. 200 ஆண்டுகள் ஆகியும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

தேய்ந்ததை எப்படி அறிவது?

முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இடிகோலை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு நல்ல வெளிச்சத்தில் நிப்பிளின் முனையைப் பாருங்கள். நாள்பட்ட அடியில் முனை தட்டையாகி, ஓரம் காளான் குடைபோல விரிந்திருந்தால், கேப் அடிவரை இறங்காது. முதல் அடி கேப்பைக் கீழே இறக்குவதோடு சரி, இரண்டாவது அடிதான் அதை வெடிக்கச் செய்யும். "ரெண்டாவது அடிக்குத்தான் கேக்குது" என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்தது துளை. கருமருந்து எரிந்த சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். துளையில் அது இறுகித் துருவும் சேர்ந்தால் தீ உள்ளே போக வழியில்லை. அதாவது கேப் வெடிக்கும், மருந்து எரியாது. இதற்கு நேர் எதிரான கோளாறு இன்னும் மோசமானது. நெடுநாள் சூட்டிலும் துருவிலும் அரித்துத் துளை அகன்றுவிடுவதுண்டு. அப்போது மருந்து நன்றாகவே பிடிக்கும், ஆகவே யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அழுத்தம் பின்னோக்கிப் பாய்ந்து சுத்தியையே தூக்கும். கேப்பின் செம்புத் துணுக்குகள் முகத்தில் தெறிக்கும். சுட்ட பின் சுத்தி பின்னுக்குத் தள்ளப்பட்டு நின்றாலோ, கேப் துண்டுதுண்டாகச் சிதறினாலோ அந்த நிப்பிளை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். துளையை ஊசியால் சுத்தம் செய்யலாம். பிடிக்கவில்லை என்று டிரில் போட்டு அகலப்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கூடவே கூடாது.

மூன்றாவது கோளாறு புரியில். நிப்பிளைக் கையால் ஆட்டினால் சிறிதேனும் அசைகிறதா? புரியைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா? இருந்தால் தீ பக்கவாட்டில் கசிகிறது என்று பொருள்.

புது நிப்பிள் தேர்வு

கடையில் "ஒரு நிப்பிள் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பொருள் அல்ல இது. வெவ்வேறு பட்டறைகளில், வெவ்வேறு காலங்களில் செய்த துப்பாக்கிகளில் புரி ஒரே அளவாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. உலகில் பரவலாக வழங்கும் அளவுகளில் சில: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 புரி, 6 மில்லிமீட்டர் விட்டம், புரி இடைவெளி 1 மில்லிமீட்டர், அதே 6 மில்லிமீட்டரில் இடைவெளி 0.75 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 6 மில்லிமீட்டர் நிப்பிள் கால் அங்குலத் துளைக்குள் லொடலொடவென்று ஏறிவிடும். நின்றுவிட்டது என்றும் தோன்றும். நாலு வெடிக்குப் பின் அது குழலிலிருந்து பிய்த்துக்கொண்டு சுடுபவர் முகத்தை நோக்கி வரலாம். 1 மில்லிமீட்டர் இடைவெளிக்கு வெட்டிய துளையில் 0.75 புரியை வலிந்து திருகினால், துளையின் புரியே அழிந்து துப்பாக்கி பாழாகும். எனவே அளவு பார்ப்பது புரி கேஜ் வைத்துத்தான். பழைய நிப்பிளோடு புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. பழையதே தவறான அளவாக இருந்திருக்கலாம்.

புரி சரியானால், நிப்பிள் எந்த வலுக்கட்டாயமும் இன்றிக் கையாலேயே பல சுற்று இறங்க வேண்டும். கடைசி இறுக்கத்துக்குத்தான் சாவி. இறங்கிய பின் அதன் தோள் பாகம் குழலின் இருக்கையில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். சுத்தி இறங்கும்போது அதன் குழிவு கேப்பின் மேல் நேராக மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். உயரம் கூடினாலும் குறைந்தாலும் அடி சாய்வாக விழும்.

அடுத்து கேப்பின் அளவு. 10-ஆம் எண், 11-ஆம் எண் என்று கேப்புகள் வருகின்றன. ராணுவத் துப்பாக்கிகளுக்கான பெரிய கேப் தனி. நம் பக்கத்தில் தொடர்ந்து கிடைக்கும் கேப் எதுவோ அதற்கேற்ற கூம்பு உள்ள நிப்பிளே நமக்கு ஏற்றது. சட்டைக்கேற்றபடி உடம்பைக் குறைக்க முடியாது. இங்கே அப்படிச் செய்யலாம் என்பது ஒரு வசதி. கேப்பை விரலால் அழுத்தினால் அடிவரை இறங்கி, துப்பாக்கியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். தளர்வான கேப்பைப் பல்லால் நெளித்து மாட்டுவதும், இறுக்கமான கேப்பைச் சுத்தியால் தட்டி இறக்குவதும் கையையும் கண்ணையும் பணயம் வைக்கும் வேலை.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. பதமேற்றிய எஃகு நிப்பிள் நெடுநாள் உழைக்கும். துருப்பிடிக்காத எஃகில் வந்தால் நம் பனிக்கும் மழைக்கும் இன்னும் நல்லது. பச்சை இரும்பில் கடைந்தது விலை குறைவு. ஆனால் சில மாதங்களிலேயே முனை தட்டையாகிவிடும்.

லேத் பட்டறைக்குப் போக வேண்டாம்

இங்கேதான் ஓசூர் விவசாயிக்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து இங்கே லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. நுட்பமான கார் உதிரிபாகங்களைக் கடைந்து தரும் கைகள் அவை. "பழசைக் கொடுத்தால் அரை மணியில் கடைந்து தருவான்" என்ற எண்ணம் யாருக்கும் வரும். பட்டறைக்காரரும் இதை ஒரு போல்ட் என்றே நினைத்துச் செய்துவிடுவார்.

ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே. அதைத் தயாரிக்கவும் பழுது பார்க்கவும் 5-ஆவது பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். இன்றித் தயாரித்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. லைசென்சுள்ள துப்பாக்கிக்காகத்தானே செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. நாமும் மாட்டி, நம்மை நம்பிய பட்டறைக்காரரையும் மாட்டிவிடுவதா? லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரி அல்லது பழுது பார்ப்பவரிடம் துப்பாக்கியையே கொண்டுபோய், அங்கேயே பொருத்தி வாங்குவதுதான் முறை. அங்கு இறுகிப்போன பழைய நிப்பிளை எண்ணெய் ஊறவைத்து உரிய சாவியால் கழற்றுவார்கள். வீட்டில் கட்டிங் பிளேயர் போட்டால் தலை உருண்டு போகும்.

கொண்டுபோவதிலும் ஒரு விவரம் உண்டு. லைசென்ஸ்காரர் வயதானவர், மகன் கொண்டுபோக வேண்டும் என்றால், அதற்குச் சட்டத்தின் 3-ஆவது பிரிவே வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ்காரர் உடனிருந்தாலோ, எழுத்து மூலம் அனுமதி கொடுத்தாலோ, பழுது பார்ப்பதற்காகவோ லைசென்ஸ் புதுப்பிப்பதற்காகவோ மற்றொருவர் எடுத்துச் செல்லலாம். லைசென்ஸ் புத்தகத்தையும் அந்தக் கடிதத்தையும் கையோடு வைத்திருக்க வேண்டும். சானமாவு பக்கத்தாருக்குப் பெங்களூர் பக்கம்தான். என்றாலும் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாது.

பொருத்திய பிறகு

புரியில் சிறிது கிரீஸ் தடவிப் பொருத்தச் சொல்லுங்கள்; அடுத்த முறை கழற்ற எளிது. கிரீஸ் துளைக்குள் போகக் கூடாது. மருந்து போடுவதற்கு முன், காலித் துப்பாக்கியில் ஒரு கேப்பை மட்டும் மாட்டி, குழல் வாயைத் தரையில் ஒரு புல்லிதழின் அருகே காட்டி அடித்துப் பாருங்கள். புல் ஆடினால் வழி சுத்தம். ஆடாவிட்டால் எண்ணெயோ அழுக்கோ அடைத்திருக்கிறது. எவ்வளவு மருந்து என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதை எழுத்தில் சொல்வது சரியல்ல, பழுது பார்த்தவரிடமே கேட்டுக்கொள்ளவும்.

நல்ல நிப்பிளிலும் சில சமயம் மருந்து உடனே பிடிக்காது. "டக்" என்று மட்டும் கேட்டால் குழலை எட்டிப் பார்க்கும் ஆவல் எழும். உள்ளே தீ புகைந்துகொண்டிருந்து சில நொடி கழித்து வெடிப்பதுண்டு. குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகே புதுக் கேப் மாட்ட வேண்டும். கேப்பைக் கடைசியாகத்தான் மாட்டுவது. கெட்டித்த துப்பாக்கியைப் பரணில் சாத்திவைத்துவிட்டுத் தூங்குவது பெரும் விபத்துக்கு அழைப்பு.

எதைச் சுடலாம்?

ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு பயிர்க் காவலுக்காக இத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் தருகிறது. ஆனால் அந்த லைசென்ஸ் வேட்டைக்கு அனுமதி அல்ல. காட்டுப்பன்றி இன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள பிராணி. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வருவதைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வருவதையே சுடலாம். அதுவும் வனத்துறையினர் சுடுவது. சானமாவு காட்டை ஒட்டிய நிலங்களுக்கு இதன் பொருள் தெளிவு. நம் துப்பாக்கி சத்தத்துக்குத்தான். வெறும் சத்தத்துக்கும் பன்றி சில வாரங்களில் பழகிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யானை விஷயத்தில் சத்தமும் ஆபத்து. இருட்டில் வெடி கேட்டு மிரண்ட கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் குட்டி இருந்தால் சத்தம் வந்த பக்கமே திரும்பும். யானையைக் கண்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுத்துப் பரணில் அமைதியாக இருப்பதே நல்லது. யானை மேல் ரவை பட்டால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

தேர்தல் காலத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்து வருவது பெரும்பாலும் நிப்பிள் துருப்பிடித்தோ, எண்ணெய் இறங்கித் துளை அடைத்தோதான் வருகிறது. ஒப்படைக்கும் முன் நிப்பிளைக் கழுவித் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசிக் கொடுங்கள். திரும்பப் பெற்ற அன்றே இரவுக் காவலுக்கு எடுத்துப் போகாமல், மறுநாள் பகலில் துளையையும் புரியையும் பார்த்து, புல்லிதழ்ச் சோதனையும் செய்த பிறகு பரணுக்கு எடுத்துச் செல்லுங்கள்.