பட்டியலிலிருந்து நீங்கிய சேத்தியாத்தோப்பு

2023 மார்ச் கடைசியில் ஒன்றிய அரசு வெளியிட்ட சுரங்க ஏலப் பட்டியலில் 'கிழக்கு சேத்தியாத்தோப்பு' என்றொரு பெயர் இருந்தது. கூடவே வடசேரி, மைக்கேல்பட்டி. மூன்றும் பழுப்பு நிலக்கரிக்காக. மாநிலத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டப்பேரவையில் எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்று இடங்களும் நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது.

வெற்றிதான். ஆனால் எந்தச் சட்டமும் டெல்லியைத் தடுக்கவில்லை, கோரிக்கைக்கு இணங்கினார்கள். நாளை இணங்காவிட்டால்?

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை 2020-லேயே பேரவை நிறைவேற்றியது. காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஊராட்சி ஒன்றியங்கள் அதில் அடக்கம். அப்படியிருந்தும் இங்கே ஏலப் பட்டியல் தயாராகிவிட்டது. நிலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. சுரங்கமும் அங்கேதான், 23-ஆவது இனமாக இருக்கிறது. ஆனால் ஒன்றியப் பட்டியலின் 54-ஆவது இனத்துக்கு உட்பட்டு. அந்த ஒரு வாசலை வைத்துத்தான் 1957-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கனிமக் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. ஒன்றியத்துக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791-இல் பத்தாவது திருத்தமாக எழுதிவைத்தார்கள். 1798-இல் வர்ஜீனியா, கென்டக்கி பேரவைகள் கூட்டாட்சி அரசு எல்லை மீறியதாகத் துணிந்து தீர்மானம் போட்டன. நம் அரசமைப்பில் எஞ்சிய அதிகாரம் ஒன்றியத்துக்கே. மாநில உரிமை என்ற பெயரில் அமெரிக்காவில் அடிமை முறையையும் காத்தார்கள் என்பது உண்மை. இங்கே, நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு நிலக்கரி வேண்டும் என்பாரும் உண்டு.

என் கவலையெல்லாம் தண்ணீர். நெய்வேலியில் கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அதே வேலை சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே தொடங்கினால் போர்செட்டுகளை நம்பி நடவு செய்பவர் என்ன செய்வார்? நல்ல நீர் இறங்க இறங்கக் கடல் பக்கமிருந்து உப்பு ஏறும். வீராணம் ஏரியின் வடகோடியில் இருக்கும் ஊர் சேத்தியாத்தோப்பு. 2004 முதல் சென்னையின் குடிநீர்க் குழாய்க்கு இங்கிருந்துதான் நீரேற்றுகிறார்கள். அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அந்த ஏலம் தெரியும்?

பட்டியலிலிருந்து ஊர் நீங்கி நாலு மாதம் ஆவதற்குள், ஜூலையில், பக்கத்து வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஏற்கெனவே எடுத்த நிலத்தில் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி எந்திரம் இறங்கியது. அடுத்த ஆண்டு மேலூர் அருகே அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் ஏலம். அங்கும் போராட்டம், பேரவைத் தீர்மானம், 2025 ஜனவரியில் ரத்து.

ஊர் ஊராகத் தெருவில் இறங்கித்தான் இதைத் தடுக்க வேண்டுமா? 1957 சட்டத்தில் ஒரு திருத்தம் போதும்: மாநிலத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல், வேளாண் மண்டலத்தின் ஒரு சர்வே எண்கூட ஏலப் பட்டியலில் ஏறக்கூடாது. தமிழகத்திலிருந்து நாடாளுமன்றம் போகும் ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்க வேண்டும்.