சோற்றுக்கு முன் மீன்

எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் மாறவேண்டியது, பீங்கானில் கை போகும் வரிசை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை நெடுகிலும் பீங்கானின் நடுவில் சோறு குவிந்திருக்கும். மீன் துண்டு ஓரத்தில் கிடக்கும். சோறு இறங்குவதற்குத்தான் ஆணம் என்பது நம் பழக்கம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மீனை முதலில் தின்று முடிக்கவேண்டும். இடமிருந்தால் பருப்பு. அதற்குப் பிறகும் இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. வைத்தியசாலையில் தந்த உணவுத் தாளில் வேறெதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்கக்கூடாது.

காரணம் விளங்க, சத்திரசிகிச்சையில் என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும். இன்று அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். தொடக்கத்தில் அது 100 முதல் 150 மில்லிலீற்றர் வரைதான் கொள்ளும். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்றை மட்டும் விட்டு, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி அதை இணைக்கிறார்கள். இரண்டிலும் பசி குறைகிறது. ஸ்லீவில் வெட்டியெடுக்கப்படும் பகுதிதான் கிரெலின் என்ற பசி ஹோர்மோனைப் பெருமளவு சுரப்பது. ஆகவே முதல் மாதங்களில் பகல் முழுக்க ஒன்றும் தின்னாமல் இருந்தாலும் பசி தெரியாமல் போகலாம். பசிக்கட்டும், சாப்பிடுகிறேன் என்று காத்திருக்கிறவர்தான் முதலில் புரதக் குறைவில் விழுவார். இது மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடவேண்டிய காலம்.

எடை வேகமாக இறங்கும்போது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. கொழுப்பைப்போலப் புரதத்தைச் சேமித்து வைக்கும் இடம் உடலில் கிடையாது. அன்றாடம் வாய்வழியே வராவிட்டால் தொடை, தோள், முதுகு என்று தசையிலிருந்துதான் எடுக்கும். நிறுவைக் கருவியில் எண் இறங்குவதைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மாடிப்படி ஏறும் பலம் போய்க்கொண்டிருக்கலாம். காயம் ஆறுவதற்கும், நோய்த்தொற்றை எதிர்ப்பதற்கும், குருதியில் அல்புமின் அளவு விழாமல் இருப்பதற்கும் புரதம் வேண்டும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பதே பொதுவான அளவு. பெரும்பாலானோருக்கு 60 முதல் 80 கிராம் வரை சொல்லப்படும். ஆளுக்கேற்பக் கணக்கிடும்போது உங்கள் இப்போதைய எடையை எடுப்பதில்லை. உயரத்துக்குத் தகுந்த எடையை எடுத்து, கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் என்று பார்ப்பார்கள். நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர் தன் வைத்தியர் சொல்லும் அளவையே பிடிக்கவேண்டும்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் பார்த்தால் புரதம் எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்கும். 1950களில் அமெரிக்காவில் தொடங்கிய முதல் முறையில் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு போகாதபடி ஒதுக்கிவிட்டார்கள். எடை குறைந்தது. கூடவே ஈரல் பழுதும் ஊட்டக் குறைவும் வந்ததால் பின்னர் அந்த முறையே கைவிடப்பட்டது. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் பைபாஸ் முறையைத் தொடங்கினார். 1970களின் பிற்பகுதியில் இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோபினாரோ கொண்டுவந்த முறை எடையை நன்றாகவே குறைத்தது. ஆனால் தின்ற புரதம் உடலில் சேராமல் சிலருக்கு உடல் வீங்கி, திரும்பவும் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. இன்றைய ஸ்லீவும் வழமையான பைபாஸும் உறிஞ்சலை அந்தளவுக்குக் கெடுப்பதில்லை. இப்போது குறைவு வருவது பெரும்பாலும் போதிய அளவு சாப்பிடாததால்தான். அதை வீட்டிலேயே திருத்தலாம்.

இலங்கையில் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சை நடக்கிறது. கொழும்பின் தனியார் வைத்தியசாலைகளிலும் செய்கிறார்கள். வளைகுடா நாடுகளில் இது மிகச் சாதாரணமாகிவிட்டது. கொழும்பிலோ கட்டாரிலோ எங்கே வெட்டினாலும் சாப்பிடுவது கல்முனையில்தான். கொழும்பு கிளினிக் முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பதால், அன்றாட உணவை உங்களுக்காகக் கணக்குப் பார்க்க வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் நீராகாரம். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. பிறகு மென்மையான உணவு. இரண்டு மாதமளவில் வழமையான உணவு. நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று மாறும். உங்களுக்குத் தந்த தாளைத் தாண்டி அவசரப்படாதீர்கள்.

நீராகாரக் காலத்தில்தான் நம் வீடுகளில் அன்பால் தவறு நடக்கிறது. கோழி சூப், ஆட்டுக்கால் சூப், பருப்புத் தண்ணி, அரிசிக் கஞ்சி, பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் மோல்ட் தகரம். சூப்பை எத்தனை மணித்தியாலம் கொதிக்கவைத்தாலும் இறைச்சியின் புரதம் இறைச்சியில்தான் தங்கும். வடித்த தண்ணீரில் வருவது சொற்பம். எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டின் உடலுக்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களையும் தருவதில்லை. பருப்புத் தண்ணியும் அப்படித்தான். பருப்பையே நன்றாக அவித்து பிளெண்டரில் அடித்தால்தான் பலன். மோல்ட் வகைகளில் பெரும்பங்கு சீனியும் மாச்சத்தும். சூப் வைக்கும் கை வைக்கட்டும், ஆனால் அந்த நேரத்தில் கைகொடுப்பது கொழுப்பு நீக்கிய பால்மா. அதன் 100 கிராமில் ஏறக்குறைய 35 கிராம் புரதம் உண்டு. முழு ஆடைப் பால்மாவில் 25 கிராம் அளவு. 200 மில்லிலீற்றர் பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்தால், ஒரு குவளையில் 11 அல்லது 12 கிராம் புரதம் கிடைக்கும். அதை ஒரே மூச்சில் குடிக்காமல் அரை மணித்தியாலம் எடுத்து வாய் வாயாகக் குடிக்கவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்குப் பால் ஒத்துவராமல் வயிறு ஊதும். அவர்கள் சீனியோ பாணியோ சேர்க்காத எருமைத் தயிரை, மோராக்கியும் எடுத்துப் பார்க்கலாம். பால்மாவையே கண்ணில் காணமுடியாத 2021, 2022ஆம் ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. நெருக்கடி வந்தால் வீட்டில் இருக்கும் பால்மாவில் பச்சைக் காயக்காரருக்கு முதற்பங்கு ஒதுக்குங்கள்.

மசித்த உணவுக் காலம் வந்ததும் இந்தக் கரையின் செல்வம் கைக்கு வருகிறது. சமைத்த மீனில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. உள்ளங்கை அளவு துண்டு, 75 கிராம் என்று வைத்தால், 17 கிராம் அளவில் கிடைக்கும். அதே பாரமுள்ள சோற்றில் 2 கிராம். மீனின் தசைநார் குட்டையானது, இறைச்சியைவிட எளிதில் பிரியும். அதனால் சிறுத்துப்போன இரைப்பைக்கு அது மிக இலகு. பாரை, அறக்குளா, சூரை போன்ற முள் குறைந்த சதைமீனில் தொடங்குங்கள். அவித்து, முள் பார்த்து, கரண்டியால் மசித்து, ஆணத்தில் நனைத்துச் சாப்பிடவேண்டும். காய்ந்த சதை தொண்டைக்குக் கீழே நின்றுகொள்ளும், ஈரமானது இறங்கும். ஆணத்துக்குத் தேங்காயின் முதற்பால் வேண்டாம். இரண்டாம் பால் போதும். முதற்பாலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு, புரதம் மிகக் குறைவு. பொரித்த மீனின் மொறுமொறுத்த தோலை முதல் சில மாதங்களுக்கு மறந்துவிடலாம். சாளையும் நெத்தலியும் முள் நன்றாக மெதுவாகும்வரை பிரஷர் குக்கரில் வேகவேண்டும். அப்போது கல்சியமும் சேர்த்துக் கிடைக்கும்.

மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கடல் கொந்தளித்து தோணிகள் கரையில் கிடக்கும்போது மீன் விலை எட்டாத இடத்துக்குப் போகும். அப்போது முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அவித்து மசித்தோ மென்மையாகக் கிண்டியோ சாப்பிடலாம். டின் மீனை வடித்துக் கழுவினால் உப்புக் குறையும், அதன் புரதம் புதிய மீனுக்குக் கிட்டத்தட்ட நிகர். கருவாடு வேண்டுமென்றால் உப்புப் போக ஊறவைத்துக் கொஞ்சமாக. சோயா மீட் காய்ந்த நிலையில் பாதிப் பங்கு புரதம்தான்; 20 கிராம் ஊறினால் பீங்கானில் 10 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் அது சவ்வுபோல இழுபடும் என்பதால் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பொடியாக நறுக்கிச் சமைக்கலாம். அவித்த பயறு, கௌப்பி, கடலை மூன்றிலும் 100 கிராமுக்கு 7 முதல் 9 கிராம் வரை உண்டு. நல்லவைதான், ஆனால் சிறிய வயிற்றை அவை சீக்கிரம் நிரப்பிவிடும். பருப்பை மட்டும் நம்பி 60ஐத் தொடுவது கடினம்.

மாட்டிறைச்சி பலருக்கு மாதக்கணக்கில் இறங்காது. உழ்ஹிய்யா இறைச்சி வீட்டுக்கு வந்தால் அரைத்து, ஈரமாகச் சமைத்து, ஒரு மேசைக்கரண்டியில் ஆரம்பியுங்கள். கோழியும் அப்படியே.

ஒரு நாள் இப்படிப் போகலாம்: காலையில் ஒரு முட்டையும் பால்மா சேர்த்த ஒரு குவளைப் பாலும் 18 கிராம். மத்தியானம் 75 கிராம் மீனும் இரண்டு கரண்டிப் பருப்பும் 20 கிராம். பின்னேரம் ஒரு சிறு கிண்ணம் தயிர் 4 கிராம். இரவு இன்னும் ஒரு துண்டு மீனோ மெத்தென்று வெந்த கோழியோ 15 கிராம், படுக்குமுன் அரைக் குவளைப் பால். 60 தாண்டிவிடும். ஒவ்வொரு வேளைக்கும் இருபது முப்பது நிமிடம் எடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீரோ பிளேன்டீயோ குடித்தால் மீனுக்குரிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கவேண்டும். தேயிலை இரும்புச்சத்து உறிஞ்சலையும் தடுக்கும். ஆனால் நாள் முழுவதிலும் ஒன்றரை லீற்றர் நீர் உள்ளே போயிருக்கவேண்டும்.

இதெல்லாம் முடியாதவர்களுக்குப் புரதப் பவுடர் உதவும். பாலிலிருந்து எடுக்கும் 'வே' வகை நல்லது. 'கொலாஜன்' என்று விற்கப்படுவதை அன்றாடப் புரதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அத்தியாவசிய அமினோ அமிலம் ஒன்று அதில் இல்லவே இல்லை. அதன் மூலம் பன்றித் தோலாகவும் இருக்கலாம். விற்றமின் குளிசைகளின் ஜெலட்டின் உறையும் அப்படியே. ஹலால் இலச்சினையைப் பார்த்து வாங்குங்கள், தெரியாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள். மூலம் பிடிக்கவில்லை என்று விற்றமினையே நிறுத்திவிடுவது ஆபத்து. உறையில்லாத மாத்திரை, திரவ வகைகள் கிடைக்கின்றன. பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை உயிருள்ளவரை தேவைப்படலாம்.

நோன்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஊர்களில் உணவைப் பற்றிப் பேசமுடியாது. நம் நாட்டில் நோன்பு ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம். மிஞ்சும் பத்து மணித்தியாலத்தில், உறக்கமும் தராவீஹும் போக, சிறு வாயால் ஒன்றரை லீற்றர் நீரும் 60 கிராம் புரதமும் எடுப்பது முதல் வருடத்தில் பெரும்பாலோருக்கு இயலாத காரியம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரையாவது, சிலருக்கு அதற்கு மேலும், நோன்பைத் தள்ளிவைக்க வைத்தியர்கள் சொல்வார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, கழாச் செய்யலாம். உங்கள் வைத்தியரின் கருத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஆலிமிடம் போங்கள். பிறகு நோற்கும்போது பேரீச்சம்பழம் ஒன்றோடு நிறுத்தி, சர்பத்தைத் தவிர்த்து, நோன்புக் கஞ்சிக்கு முன் முட்டையோ மீனோ எடுங்கள். பைபாஸ் செய்தவர் இனிப்பை வேகமாக எடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலைசுற்றி வயிற்றோட்டம் போகலாம். வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். சீனியும் கருப்பட்டியும் அதைவிட அதிகம்.

கல்யாண வீட்டுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் மற்றவர்களின் வேகத்தில் கை போகும். இறைச்சியைப் பிய்த்து மென்று நாலு வாயோடு எழுந்துவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள ராத்தாவோ மாமியோ 'இன்னும் ஒரு பிடி' என்று வற்புறுத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

மூன்றாம் மாதமளவில் தலைமுடி கொட்டுவது எடை வேகமாக இறங்குவதால் பலருக்கும் நடக்கும். ஊட்டம் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் கொட்டினால், கால் வீங்கினால், எழுந்து நிற்கக் கஷ்டமாக இருந்தால் அல்புமின், ஹீமோகுளோபின், பி12 பரிசோதனை செய்யவேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். உடல் வற்றும் காலத்தில் பிள்ளைக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது.

இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி வந்தால் வீட்டில் இருக்காதீர்கள். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ பக்கத்து ஆதார வைத்தியசாலையோ, உடனே போங்கள். பி1 விற்றமின் சில வாரங்களிலேயே வற்றிவிடும். அந்த நிலையில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். சத்திரசிகிச்சையின் பெயரும் திகதியும் உள்ள டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதி எப்போதும் கையில் இருக்கட்டும். அதைக் காட்டி, பி1 தரவேண்டுமா என்று கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் இரைப்பை சிறிதாக்கப்பட்டிருக்கிறது என்பது அங்குள்ள வைத்தியருக்குத் தெரிய வழியில்லை.