வாயால் சமைத்த பெண்கள்

பட்டினி கிடப்பவள் எதிரில் சாப்பாட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் ஹிட்லரின் வதைமுகாம்களில் பட்டினியால் வாடிய யூதப் பெண்கள் ஓயாமல் பேசியது சமையலைப் பற்றித்தான்! எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய், மாவை எப்படிப் பிசைவது... இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வாயால் சமைப்பது'. முதலில் படித்தபோது எனக்கு இது விசித்திரமாக இருந்தது. யோசிக்க யோசிக்கத்தான் விளங்கிற்று.

ஹிட்லர் 1933-ல் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்தான். 1945-ல் யுத்தம் முடிவதற்குள் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் முகாமில் ரயிலை விட்டு இறங்கியதுமே ஆட்களைப் பிரித்துவிடுவார்கள். கைக்குழந்தைக்காரிகளையும் வயதானவர்களையும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். வேலை செய்யத் தெம்புள்ள இளம் பெண்களுக்கு மொட்டையடித்து, கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். அதற்கப்புறம் பெயர் கிடையாது, எண்தான். பட்டினியில் மாதவிலக்கு நின்றுபோய், 'இனி நமக்குக் குழந்தையே பிறக்காதோ' என்று எத்தனையோ பெண்கள் கலங்கியிருக்கிறார்கள். (பிறந்தது, சகோதரிகளே! விடுதலைக்குப் பிறகு பெர்கன்-பெல்சன் அகதி முகாம் ஒன்றில் மட்டும் 1950-க்குள் 2,000-க்கு மேல் குழந்தைகள் பிறந்தன.)

தனியாக இருந்தவள் பிழைப்பது கடினம். அதனால் ரத்த சம்பந்தமே இல்லாதவர்கள்கூட அங்கே அக்கா தங்கையாகிவிட்டார்கள். 'முகாம் சகோதரி' என்றே அதற்குப் பெயர். கிடைத்த ரொட்டித் துண்டைப் பங்கு போட்டுக்கொள்வது, தலையில் பேன் பார்ப்பது, காய்ச்சலில் கிடப்பவளைத் தாங்கிப் பிடித்து ஆஜர் எடுக்கும்போது நிற்க வைப்பது, எல்லாம் அந்தச் சகோதரிதான். டாக்டர் வந்து பலவீனமானவர்களைப் பொறுக்கும் நாளில், ஒருத்தி கன்னத்தை இன்னொருத்தி கிள்ளிச் சிவக்க வைப்பாளாம். விரலைக் குத்தி ரத்தத்தைப் பூசிக்கொண்டவர்களும் உண்டு. நாம் ரூஜ் பூசிக்கொள்வது எதற்காக, அவர்கள் பூசிக்கொண்டது எதற்காக!

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். செக் நாட்டின் தலைநகர் பிராக்குக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் தெரசியன்ஸ்டாட் என்ற பழைய கோட்டை ஊர் இருக்கிறது. 1941 நவம்பரிலிருந்து யூதர்களை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். அங்கேயே இறந்தவர்கள் சுமார் 33,000 பேர். வந்த உணவில் வேலை செய்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது என்று அங்கிருந்த யூதப் பெரியவர்கள் முடிவு செய்ததால், கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் கிடைத்தது இன்னும் குறைந்துவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குழந்தையா பாட்டியா என்று ஒரு வீட்டில் கேள்வி வந்தால், பாட்டியேதான் தன் தட்டைத் தள்ளி வைப்பாள்.

அப்படிப் பட்டினி கிடந்த பாட்டிகளில் ஒருவர் மினா பெக்டர். 1872-ல் பிறந்தவர். 1939-ல் மகள் ஆன்னி ஸ்டெர்ன் தன் மகனோடு பாலஸ்தீனத்துக்குத் தப்பிப் போனபோது கூடவே அழைத்தாளாம். முற்றிய மரத்தைப் பிடுங்கி நட முடியாது என்று இவர் மறுத்துவிட்டார். கிழவர்களை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்ற நம்பிக்கை!

முகாமில் மினாவும் அவரைச் சேர்ந்த பெண்களும் தங்கள் சமையல் குறிப்புகளைக் காகிதத்தில் எழுதிக் கையாலேயே தைத்து ஒரு நோட்டாக்கினார்கள். பல பேருடைய கையெழுத்து அதில் இருக்கிறது. பெரும்பாலும் ஜெர்மன் மொழி. வாயால் சமைக்கும்போது சண்டைகூட வருமாம். 'அப்படிச் செய்தால் கேக் உப்பாது', 'எங்கள் வீட்டில் அதைச் சேர்க்கவே மாட்டோம்' என்று! கேட்கப் பொறுக்காமல் எழுந்து போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அடுப்பே தெரியாத சின்னப் பெண்கள் இந்தப் பேச்சில்தான் சமையல் கற்றுக்கொண்டார்கள். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாதவள், உனக்கு ஒரு வீடு வரும், விருந்தாளி வருவார் என்று ஒரு பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். ஜெர்மனியில் பெண்களுக்கென்றே இருந்த ராவன்ஸ்புரூக் முகாமிலும் இப்படி எழுதியிருக்கிறார்கள். அங்கே 1945-ல் ஒரு பெண் எழுதிய சமையல் நோட்டு ஆஸ்திரேலியாவில் சிட்னி யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மினா 1944 செப்டம்பரில், யோம் கிப்பூர் அன்று, பட்டினியால் உடம்பு வீங்கி ஆஸ்பத்திரியில் இறந்தார். யூதர்கள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கும் நாள் அது. அதற்கு முன் ஒரு நண்பரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, எப்படியாவது மகளிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். விலாசம் கொடுக்க அவரிடம் இல்லை.

நண்பர் பிழைத்தார், பொட்டலமும் பிழைத்தது. 1960-ல் இஸ்ரேலுக்குப் புறப்பட்ட ஓர் உறவினரிடம் கொடுத்தனுப்பினார். அதற்குள் ஆன்னி அமெரிக்காவிலிருந்த மகனிடம் போய்விட்டாள். கடைசியில் நியூயார்க்கில் செக் நாட்டுக்காரர்கள் கூடிய இடத்தில் யாரோ ஒருவர் விசாரிக்க, அந்தக் குடும்பத்தை அறிந்தவர் அங்கே இருந்தார். ஆன்னி வீட்டு டெலிபோன் மணி அடித்தது. 'உங்கள் அம்மா கொடுத்த பொட்டலம் இருக்கிறது' என்றது முன்பின் தெரியாத குரல். அம்மா இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அம்மா தன் பேரனோடு எடுத்துக்கொண்ட போட்டோவும், சில கடிதங்களும், அந்தச் சமையல் நோட்டும் உள்ளே இருந்தன. ஆன்னிக்குப் பல காலம் அதைப் படிக்கும் தைரியம் வரவில்லை. எடுத்து வைத்துவிட்டாள்.

1996-ல் அது புத்தகமாக வந்தது. இங்கிலீஷில் மொழிபெயர்த்த அம்மாளும் தெரசியன்ஸ்டாட்டில் இருந்து மீண்டவர். சில குறிப்புகளில் ஒரு சாமான் விட்டுப்போயிருக்கிறது, சிலவற்றில் செய்முறை பாதியில் நிற்கிறது. பசியில் நினைவு தப்பியிருக்கிறது. ஆனாலும் யாரும் திருத்தவில்லை. உள்ளபடியே அச்சிட்டார்கள்.

அதில் மினாவின் முட்டைப் பட்சணம் ஒன்று உண்டு. பத்து முட்டையை வேகவைத்து, பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து, வெண்ணெயும் கடுகு விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். பிறகு அலங்காரம். அதற்கு மட்டும் அளவு சொல்லவில்லை, உன் கற்பனைப்படி செய்துகொள் என்று எழுதி வைத்திருக்கிறார்.