எக்ஸ்ரே நார்மல் என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

பைக்கில் போகிறவரைக் கார் இடித்துத் தள்ளுகிறது. முட்டி முறுக்கிக்கொள்கிறது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். காயச் சான்றில் ‘சாதாரண காயம்’ என்று ஏறிவிடுகிறது. மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியதும், சொற்பத் தொகைக்கு ‘சமாதானமாகப் போகிறோம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். சில மாதம் கழித்துப் படி இறங்கும்போது முட்டி நழுவி விழுகிறார். அப்போதுதான் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஜவ்வு கிழிந்திருப்பது தெரிகிறது. இதை எத்தனை பேரிடம்தான் பார்ப்பது!

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. விழுந்தபோது ‘டப்’பென்று சத்தம் கேட்டதா, சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கியதா, திரும்பும்போது கால் விலகுகிறதா? எலும்பு மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ.க்கு எழுதி வாங்குங்கள். எண்ணெய் போட்டு உருவி, இறுக்கிக் கட்டிவிட்டால் அறுந்த ஜவ்வு ஒட்டாது.

ஏ.சி.எல். எனப்படும் ஜவ்வு அறுந்தாலும் நேராக நடக்க முடியும். ஏமாறுவது இங்கேதான். திரும்பும்போதும் குதிக்கும்போதும் முட்டி விட்டுப்போகும். ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியலாம். பயத்தில் அந்தக் காலில் பாரம் போடாமல், முட்டியை முழுதாக நீட்டாமல் நடந்து பழகுவார்கள், தொடைத்தசை சூம்பும். இருபத்தைந்தில் அடிபட்டவருக்கு நாற்பதுகளிலேயே மூட்டுத் தேய்மானம் வருவது அபூர்வமல்ல. அறுவை சிகிச்சை நழுவலைக் கட்டுப்படுத்தும். தேய்மானமே வராது என்று அதுவும் உறுதி தராது. எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. பயிற்சி எல்லாருக்கும் வேண்டும்.

இனி காகிதங்கள். முதல் நாளே மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ‘முட்டியில் வலி, வீக்கம்’ என்று எழுதச் சொல்லுங்கள். அது இல்லையென்றால், இந்த ஜவ்வு இந்த விபத்தில்தான் கிழிந்ததா என்று காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்பார். ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., ஓ.பி. சீட்டு, ஸ்கேன் ஃபிலிம், பில்கள் எதையும் தொலைக்காதீர்கள். இன்னொன்று: முட்டிச் சிப்பிக்கு மேல் பத்து சென்டிமீட்டரில் இரண்டு தொடைகளையும் டேப்பால் அளந்து, அந்த வித்தியாசத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். ‘வலிக்கிறது’ என்று சொல்வதை நம்பாதவர்களும் அந்த அளவை மறுக்க முடியாது.

எலும்பு முறியவில்லை என்றால் சாதாரண காயம்தான் என்று சில காவல் நிலையங்களில் இன்னமும் அடித்துச் சொல்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 116வது பிரிவில், மூட்டின் செயல்திறன் நிரந்தரமாகக் குறைவதும் கொடுங்காயம்தான். எம்.ஆர்.ஐ. அறிக்கையை இணைத்து, மருத்துவமனையிடம் மறுகருத்துக் கேட்கும்படி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள். மனு பெற்றதற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2019 திருத்தம் வைத்த கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். ‘வலி போகட்டும், பார்க்கலாம்’ என்று கெடுவைத் தாண்டவிடாதீர்கள். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பில்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். முட்டி ஜவ்வுக்கு மட்டும் அந்த அளவு பெரும்பாலும் வராது. அதற்காக இழப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீர்ப்பாயத்துக்கு அந்த 40 கணக்கு இல்லை. உடலின் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் என்பவரின் விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. சாரம் ஏறும் கொத்தனாருக்கும் மேசையில் உட்காருபவருக்கும் ஒரே முட்டிக் காயத்தின் நஷ்டம் ஒன்றல்ல. ஆகவே செய்யும் வேலைக்கும் வாங்கிய கூலிக்கும் மேஸ்திரியிடமோ முதலாளியிடமோ எழுத்தில் சான்று வாங்கி மனுவோடு சேருங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: எம்.ஆர்.ஐ. பார்க்காமல் சமாதானத்துக்குக் கையெழுத்து வேண்டாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.