கந்தக அடுக்குக் காளானை அடையாளம் காணல்

மரத்தின் தண்டிலிருந்து பலகை அடித்ததுபோல் தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டு வளரும் காளான்கள் அடுக்குக் காளான்கள் எனப்படும். பெரும்பாலானவை கட்டைபோல் கடினமானவை, மெல்லவே முடியாது. ஆனால் மென்மையானவையும் உண்டு. ‘அடுக்குக் காளானில் நஞ்சு இல்லை’ என்று சிலர் நம்புவது இவற்றில்தான் ஆபத்தாகிறது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பலர் தேடி உண்பது கந்தக அடுக்குக் காளான் ஆகும். இதன் அறிவியல் பெயர் லேட்டிபோரஸ் சல்ஃபூரியஸ். சமைத்தால் கோழிக்கறியை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் ‘சிக்கன் ஆஃப் தி உட்ஸ்’ என்பர். ஓக் முதலிய மரங்களின் வைரப்பகுதியில் பழுப்பு அழுகலை உண்டாக்கி வாழ்கிறது.

அடையாளம்

மேற்புறம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். தெளிவான காம்பு இராது. ஆனால் மேற்புற நிறத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. திருப்பிப் பார்க்க வேண்டும். கீழ்ப்புறம் பளிச்சென்ற கந்தக மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டருக்குள் 3 அல்லது 4 அடங்கும் நுண்துளைகளுடன் காணப்படும். இளம் சதை சாறு நிறைந்தது. முற்றினால் வெளுத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் உதிரும்.

கீழே துளைகளுக்குப் பதிலாகக் கத்தி விளிம்பு போன்ற செவுள்கள் இருந்தால் அது வேறு காளான். ஓக் மரத்தடியில் கொத்தாக முளைக்கும் ஆரஞ்சு நிற ஓம்ஃபாலோடஸ் இப்படிப்பட்டது. காம்புள்ளது, உண்டால் கடும் வாந்தி வரும்.

துளைகள் இருப்பதும் போதாது. ஹாபலோபிலஸ் ருட்டிலன்ஸ் என்னும் சிறிய அடுக்குக் காளானுக்கும் துளைகள் உண்டு. அது மேலும் கீழும் இலவங்கப்பட்டை நிறமாக இருக்கும். அதிலுள்ள பாலிபோரிக் அமிலம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. உண்டவரின் சிறுநீர் ஊதாவாகிறது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தொடங்குவதால் சாப்பாட்டின் மேல் சந்தேகம் எழுவதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விட்டால் இக்காளான் உடனே ஊதா நிறம் காட்டும். காரம் தோலை அரிக்கும் என்பதால் கையாளுவதில் கவனம் தேவை.

உண்ணும் தகுதி

சரியாக அடையாளம் கண்ட கந்தகக் காளானும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்குக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், உதடு வீக்கம் ஏற்படுகின்றன. பச்சையாக உண்ணலாகாது. இளம் விளிம்புப் பகுதியை மட்டும் நன்கு வேகவைத்து, முதன்முறை மிகச் சிறிதளவே உண்டு பார்ப்பது வழக்கம். யூ மரம் நச்சுடையது என்பதால் அதில் முளைத்ததைத் தவிர்க்குமாறு பிரித்தானிய வழிகாட்டிகள் கூறுகின்றன.

பழைய நூல்களைப் படிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட அமெரிக்காவில் ஒரே இனமாகக் கருதப்பட்டதிலிருந்து, ஊசியிலை மரங்களில் வளர்வது, யூகலிப்டசிலும் வளர்வது எனப் புதிய இனங்களை பர்ட்சால், பானிக் என்னும் ஆய்வாளர்கள் 2001இல் பிரித்தறிந்தனர். அதற்கு முந்தைய அமெரிக்க நூலில் ‘சல்ஃபூரியஸ் உண்ணத்தக்கது’ என்றிருந்தால், அது இவற்றில் எந்த இனத்தைக் குறிக்கிறது என்பது அந்த வரியிலிருந்து தெரியாது. எனவே காளானைப் பறிக்கும்போதே அது எந்த மரத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.