பிரசவத்தோடு மூடப்படும் ஏடு

திண்டுக்கல் மாவட்டத்தின் கன்னிவாடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பெண்களின் உடல்நல ஆராய்ச்சி புதிய சங்கதி அல்ல. சின்னாளபட்டியை ஒட்டி டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-ல் தொடங்கிய காந்திகிராமமும் அதன் கஸ்தூரிபா மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கிருந்துதான் 1959-ல் ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று புறப்பட்டது. ஊர் ஊராகத் தம்பதிகளைக் கணக்கெடுத்து, குடும்பக் கட்டுப்பாட்டை விளக்கி, பத்தாண்டுகளுக்குள் பிறப்பு விகிதத்தை நன்றாகக் குறைத்துக் காட்டிய அந்த முயற்சியை நாடே எடுத்துப் பேசியது. பல தாய்மார்களின் உயிரைக் காத்த வேலை அது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்டது, எத்தனை பிள்ளை பெற்றாய், இனிப் பெறுவாயா என்பதுதான். அந்தப் பார்வை இன்னும் பெரிதாக மாறவில்லை. பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு எண், ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் என்று கர்ப்பிணியை மாதாமாதம் விடாமல் பின்தொடரும் நம் பொதுச் சுகாதாரம், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடிந்ததும் தாயின் ஏட்டை மூடிவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் மாதவிடாய் நிற்கும்போது அவள் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தால், ஹார்மோனுக்கு ஒரு மருத்துவர், எலும்புக்கு வேறொருவர், சுகருக்கு இன்னொருவர். மூன்றும் ஒரே உடம்பின் ஒரே கணக்கு என்று ஆராய்ச்சி பல காலமாகச் சொல்லிவருகிறது. அதைப் பிரித்தே பார்ப்பதன் விலையைக் கொடுப்பவர்கள் இந்தப் பெண்கள்தான்.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருத்தரிப்புக்கு மட்டும் வேலை செய்வதில்லை. நம் எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. அரிக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது வற்றியதும் முதல் சில ஆண்டுகளில் எலும்பின் தாதுச்சத்து வேகமாகக் கரைகிறது. அதே ஆண்டுகளில்தான் இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது, இன்சுலினுக்கு உடல் மசியும் தன்மை குறைகிறது. எலும்பு இழப்பும் சர்க்கரை நோயும் ஒரே வாசல் வழியாக வருகின்றன என்று சொல்லலாம். அந்த வாசல் இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதை ஒட்டித் திறக்கிறது, மேலைநாட்டுப் பெண்களைவிட நான்கைந்து ஆண்டுகள் முன்பாக. அதிக ரத்தப்போக்கு என்று போய், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு அறுவை நடந்த அன்றே திறந்துவிடுகிறது. 2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், வேலை கெடக்கூடாது என்பதற்காக இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது வெளிவந்து நாடு அதிர்ந்தது. சினைப்பையும் போயிருந்தால் அவர்களின் எலும்புக்கு இருபது ஆண்டு கழித்து என்ன ஆகும் என்ற கேள்வி அந்த அதிர்ச்சியில் பெரிதாக எழவில்லை.

சர்க்கரை நோய் எலும்பைக் கெடுக்கும் விதமும் சாதாரணமானதல்ல. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள பெண்ணுக்கு டெக்ஸா கருவியில் எலும்பு அடர்த்தி பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பருமனாக இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் காட்டும். ஆனாலும் அதே அடர்த்தியுள்ள, சர்க்கரை இல்லாத பெண்ணைவிட இவளுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கல்லையெல்லாம் சரியாக எண்ணி அடுக்கி, சாந்தை மட்டும் கெட்டுப்போகவிட்ட சுவரைப் போன்றது அந்த எலும்பு. ரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, எலும்பின் புரதமாகிய கொலாஜனில் ஒட்டி, வளைந்து கொடுக்கும் தன்மையைப் போக்கிவிடுகிறது. கருவி எண்ணுவது தாதுவைத்தான், புரதத்தின் கெடுதல் அதற்குத் தெரியாது. இதோடு பாதம் மரத்துப்போவது, கண் மங்குவது, இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்காக எழுந்து இருட்டில் வெளியே போவது என்று விழுவதற்கான காரணங்களும் சேர்கின்றன. வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்தால், நம் ஊரில் மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ போட்டுவிடுவார்கள். ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்ததும் கதை முடிந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஒரு எலும்பு முறிகிறதென்றால், ஏன் முறிந்தது என்று விசாரிக்க வேண்டும். அது வெறும் விபத்தல்ல, நோயின் அறிகுறி. முதுகெலும்பு நொறுங்குவது இதைவிட மோசம். பாதிக்குமேல் எவருக்கும் தெரியாமலே நடக்கிறது. களையெடுத்துக் களையெடுத்துக் கூன் விழுந்துவிட்டது என்று அவளும் சொல்கிறாள், மற்றவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

பிரித்துப் பார்ப்பதன் கேட்டுக்கு மருந்து ஆராய்ச்சியிலேயே அழுத்தமான சான்று உண்டு. அடாப்ட் என்ற பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2006 டிசம்பரில் வெளியானது. புதிதாகச் சர்க்கரை கண்ட 4,360 பேருக்கு ரோசிகிளிட்டசோன், மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு ஆகிய மூன்று மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்து, எது அதிக காலம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது என்று பார்த்தார்கள். அந்தப் போட்டியில் ரோசிகிளிட்டசோன் வென்றது. எலும்பு அந்தச் சோதனையின் கேள்வியே அல்ல. பக்கவிளைவுப் பட்டியலை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களில் 9.3 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்திருந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்ட பெண்களில் 5.1 சதவீதம், கிளிபென்கிளமைடில் 3.5 சதவீதம். ஆண்களிடம் மூன்று மாத்திரைக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. எலும்பு மஜ்ஜையில் எலும்பு கட்டும் செல்லாக ஆக வேண்டியதைக் கொழுப்புச் செல்லாகத் திருப்பிவிடுவது இந்த வகை மருந்தின் குணம். பெண்களின் உடம்பில் அந்தச் சேதம் வெளியே தெரிந்தது. ஆணையும் பெண்ணையும் கூட்டிச் சராசரி போட்டு நிறுத்தியிருந்தால் இது மங்கிப்போயிருக்கும். இதயத்துக்கு ஆபத்து என்ற காரணத்தால் இந்தியா 2010-ல் ரோசிகிளிட்டசோனைத் தடை செய்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பையோகிளிட்டசோனுக்கும் பெண்களின் எலும்பு பற்றிய எச்சரிக்கை 2007-லேயே வந்துவிட்டது. 2013 ஜூனில், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய அச்சத்தால் அதை இங்கே நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தார்கள். விலை குறைவு, சர்க்கரையும் இறங்கும் என்பதால் இன்றும் மருத்துவர்கள் எழுதும் மருந்து அது. யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாதவிடாய் நின்றவரா, முன்பு எலும்பு முறிந்ததா என்று கேட்ட பிறகே அந்தச் சீட்டு எழுதப்பட வேண்டும்.

பெண்ணைச் சோதனையிலேயே சேர்க்காத காலமும் உண்டு. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து வரும் என்று காரணம் சொல்லி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கிவைக்க அமெரிக்க மருந்துத் துறை 1977-ல் வழிகாட்டியது. கர்ப்பிணிகள் விழுங்கிய தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமைக்குப் பிறகு அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் மருந்து விற்பனைக்கு வந்ததும் அதே பெண்களும்தான் அதை விழுங்கினார்கள். 1993-ல் அந்த விலக்கு நீக்கப்பட்டது.

கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பருத்தி எடுக்கிறார்கள், பூப் பறிக்கிறார்கள், நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள், எலும்பு உரம் ஏறித்தானே இருக்கும் என்பது அவர்கள் வாதம். வேலையும் வெயிலும் எலும்புக்கு நல்லவைதான். ஆனால் போதுமானவை அல்ல. திருப்பதியைச் சுற்றியுள்ள நகரத்தாரையும் கிராமத்தாரையும் ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வில், வயலில் உழைப்பவர்களின் வைட்டமின் டி நகரத்தாரைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தும் பற்றாக்குறை பரவலாகவே இருந்தது. உணவில் கிடைத்த கால்சியமோ இன்றைய பரிந்துரையில் பாதிகூட இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அரைநகர்ப்புறப் பகுதியில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்தார்கள். ஏதாவது ஓர் இடத்திலாவது எலும்பு அடர்த்தி அபாய அளவுக்குக் கீழே இருந்தவர்கள் சரிபாதி. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, வெள்ளை அரிசியில் பத்துக்கூடத் தேறாது. மலையடிவாரத்துப் புஞ்சையில் விளைந்த தானியம் வீட்டு அடுப்பிலிருந்து விலகி, மூன்று வேளையும் சோறாக ஆனதில் எலும்பும் சர்க்கரையும் சேர்ந்தே அடிவாங்கின.

அப்படியானால் வற்றிய ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்றால், அங்கேயும் அவசரம் ஆகாது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஹார்மோன் சோதனை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய், எட்டுப் பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம் என்று செய்தி வந்ததும் உலகம் முழுவதும் அந்த மாத்திரையை மூட்டைகட்டினார்கள். அதே பத்தாயிரத்தில் ஐந்து இடுப்பெலும்பு முறிவு குறைந்தது, புதிதாகச் சர்க்கரை வருவதும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பவை அந்த இரைச்சலில் அமுங்கின. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும்தான். மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களின் நிலை வேறு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஹார்மோனை எல்லோருக்கும் வாரி வழங்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்தவர்களுக்கு அது ஆகாது. நாற்பது வயதுக்குள் சினைப்பையை இழந்த பெண்ணுக்கும் அறுபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கும் ஒரே பதிலைச் சொல்வதைத்தான் தவறு என்கிறேன்.

இத்தனையையும் ஒரே ஏட்டில் சேர்த்துப் பார்க்கச் செலவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய்த் துறையை உருவாக்கிய டாக்டர் வி. சேஷய்யா, வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துக் கர்ப்பிணி மறுபடி வரமாட்டாள் என்பதைக் கண்டார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவர் குழுவினரின் தமிழ்நாட்டு ஆய்வில் நகரத்தில் 17.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்கு அது இருந்தது. 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையை அரசு கொண்டுவந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. பிரசவமான ஆறாம் வாரம் மறுபரிசோதனை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்று வழிகாட்டி நெறி சொல்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் அந்த ஆறாம் வாரத்தில் தாயின் விரலிலும் ஒரு துளி ரத்தம் எடுப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். பதினான்கு சதவீதத்தினருக்குச் சர்க்கரை உள்ள மாநிலம் இது என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணின் பையில் இன்னும் நான்கு கேள்விகள் இருக்கட்டும்: கர்ப்பமாக இருந்தபோது சுகர் இருந்ததா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, கர்ப்பப்பையையோ சினைப்பையையோ எடுத்தார்களா, நாற்பது வயதுக்குப் பிறகு கீழே விழுந்து எலும்பு முறிந்ததா. கூடவே சுவரோரம் நிற்கவைத்து ஆண்டுக்கொருமுறை உயரத்தை அளக்கலாம். இளமையில் இருந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க அனுப்பலாம். இந்தப் பதில்கள் பிக்மி பதிவோடு சேர்க்கப்பட்டு, ஒரு வட்டாரத்திலாவது பத்தாண்டு தொடர்ந்து பார்க்கப்பட்டால், எந்தச் சர்க்கரை மாத்திரையில் நம் பெண்களுக்கு எலும்பு முறிகிறது, எந்த வயதில் ஹார்மோன் சிகிச்சை பயன் தருகிறது என்பதற்கு வேலூரையும் அமெரிக்காவையும் எதிர்பார்க்காமல் இங்கேயே விடை கிடைக்கும். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த ஆத்தூர் வட்டாரம் அதற்குப் பொருத்தமான இடம். காந்திகிராமத்தின் சுகாதார நிறுவனமும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்து செய்யலாம்.