பள்ளிக்கூடத்துத் தாதி: செலவா, லாபமா?

வீட்டு வரவு செலவில் அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கையை விட்டுப் போகும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. போகாமல் தடுக்கப்பட்ட காசு தெரிவதில்லை. பள்ளிக்கூடத்து வைத்திய உதவிக்கு இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு. தாதியின் சம்பளம் மாதந்தோறும் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. அவள் தடுத்த நோயையும் மிச்சப்படுத்திய பொழுதையும் வரவு வைக்க அந்தப் புத்தகத்தில் இடமில்லை. ஆகவே, சிக்கனம் என்ற பேச்சு எழுந்தவுடன் நிர்வாகிகளின் கண் அந்தச் சம்பளத்தின் மேல் விழுவதில் ஆச்சரியமில்லை. அது உண்மையான சிக்கனந்தானா என்பதை அமெரிக்க நாட்டின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வோம்.

1897-ஆம் வருஷம் முதல் நியூயார்க் நகரப் பள்ளிக்கூடங்களில் டாக்டர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்து வந்தார்கள். படர்தாமரை, சிரங்கு, பேன், டிரக்கோமா என்னும் கண்ணோய் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அத்துடன் அவர்கள் கடமை தீர்ந்தது. அனுப்பப்பட்ட பிள்ளைக்கு யார் மருந்து போட்டார்கள் என்று கேட்பாரில்லை. பிற தேசங்களிலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. எந்தத் தோழர்களிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைத்தார்களோ, அவர்களுடனேயே அது மாலையில் தெருவில் விளையாடிக் கொண்டிருக்கும்!

அந்தப் பகுதியில் தொண்டு செய்து வந்த லில்லியன் வால்டு அம்மையார், லூயிஸ் என்ற 12 வயதுச் சிறுவனைக் கண்டார். தலையில் இருந்த கரப்பானுக்காக அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வைத்தியசாலையில் கொடுத்த களிம்பை ஒழுங்காகத் தடவியதும் புண் ஆறிற்று. பையனும் பள்ளியில் சேர்ந்தான். ஒரு சிமிழ் களிம்பும் அதைத் தடவ ஒரு கையும் இல்லாமையால் அத்தனை வருஷப் படிப்பு வீணாகியிருந்தது.

1902 அக்டோபரில் அம்மையாரின் முயற்சியால் லீனா ராஜர்ஸ் என்ற தாதி நான்கு பள்ளிக்கூடங்களில் ஒரு மாத காலம் பரீட்சார்த்தமாக வேலை பார்த்தார். சிறு உபாதைகளுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். மற்றப் பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று தாய்மாருக்குச் சிகிச்சை முறையைக் கற்றுக் கொடுத்தார். பலனைக் கண்ட நகர நிர்வாகம் மேலும் தாதிகளை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோய்க்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கணக்கு 10,567. அடுத்த வருஷம் அதே மாதத்தில் 1,101. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் கட்டடத்துக்கும் உபாத்தியாயருக்கும் ஆகும் செலவு ஒன்றே. வெறும் பெஞ்சுக்குப் பாடம் நடத்துவதைக் காட்டிலும் பெரிய வீண் செலவு வேறென்ன?

பின்னாளில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் இதை டாலர் கணக்கிலேயே மதிப்பிட்டார்கள். 2009-10 பள்ளி ஆண்டில் 933 பள்ளிக்கூடங்களில் 4,77,163 பிள்ளைகளுக்கு நடந்த தாதியர் சேவையைப் பற்றிய அந்த ஆராய்ச்சி 2014-இல் வெளியாயிற்று. சேவைக்கு ஆன செலவு 7 கோடியே 90 லட்சம் டாலர். மிச்சமான வைத்தியச் செலவு 2 கோடி. வேலையை விட்டுப் பிள்ளையை அழைத்துப் போக ஓடிவரும் அவசியம் நீங்கியதால் பெற்றோருக்கு மிச்சம் 2 கோடியே 81 லட்சம். உபாத்தியாயர்களின் வேலை நேரத்தில் மிச்சம் 12 கோடியே 91 லட்சம். செலவு போக நிகர லாபம் 9 கோடியே 82 லட்சம்! போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2 டாலர் 20 சென்ட் பலன் என்று முடிவு கண்டார்கள்.

மிச்சத்தின் பெரும் பகுதி மருந்துக் கணக்கிலன்றி உபாத்தியாயர் கணக்கில் வந்திருப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நம் போன்ற உபாத்தியாயர்களுக்கு அதில் விந்தையில்லை. ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் கணக்குப் பாடம் நின்றுவிடுகிறது. நாற்பது பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கிறார்கள். தாதி இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஓர் உபாத்தியாயருக்குத் தினம் ஏறக்குறைய 20 நிமிஷம் மிச்சமாகிறதென்று 2011-இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி கூறுகிறது. பள்ளி நாள் 200 என்று கொண்டால், வருஷத்துக்கு 66 மணிக்கு மேல் ஆகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. உபாத்தியாயருக்கு எப்படியும் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே. மிச்சமான பணம் பொக்கிஷத்துக்குத் திரும்புகிறதா? திரும்புவதில்லை. அது வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்குப் பாடமாகப் போய்ச் சேருகிறது. பெற்றோருக்குக் கூலியாகப் போய்ச் சேருகிறது. செலவு செய்வது பள்ளி நிர்வாகம்; பலனை அநுபவிப்பவர்கள் பலர். தாதியின் வேலைக்கு ஆபத்து வருவதெல்லாம் இதனாலேதான். நிர்வாகிகள் தங்கள் புத்தகத்தை மட்டும் பார்த்துத் தாதியை நிறுத்தினால் அது அவர்களுக்குச் சிக்கனமாகவே தோன்றும். அன்று முதல் அந்தச் செலவு வீடுகளின் மேல் விழும், ரசீதுதான் வராது.

ஆகையால், இந்தக் கணக்கைப் பெற்றோர்களே கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தாதிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதுடன் நிற்காமல், தாதி இல்லாத நாளில் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை மணி பாடம் நின்றது என்பதையும் எழுதிவரச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் வாதத்தை வென்று கொடுத்தவை அத்தகைய இரண்டு எண்கள்தாம்.